அம்மப்பாவின் றோலருக்கு நெருப்பு மூட்டலாமா?

வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மப்பா அந்தக் காலத்தில் பி.டபிள்யூ.டி. என்ற பொதுவேலைத் திணைக்களத்தின் ஏலத்தில் எடுத்த, வீதி அமுக்கும் நீராவி றோலர் ஒன்று, வளவின் பின்பக்கம் பாலை மரத்தடியில் கிடக்கிறதாம். முன் உருளை பாதி மண்ணுக்குள். புகைபோக்கிக்குக் கீழே பித்தளையில் ஒரு குதிரை இருந்ததாம், இப்போது இல்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்து பார்த்தபோது ஆவி உண்டாக்கும் பொயிலரின் பக்கவாட்டில் செல் (எறிகணை) துண்டு பட்ட அடையாளங்கள். பழைய இரும்பு எடுக்கிறவர்கள் வந்து வந்து விலை கேட்கிறார்கள், கொடுக்க மனமில்லை. கோயில் திருவிழாவுக்கு முன் ஓடவைக்க வேண்டும் என்று ஊர்ப் பொடியள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். ரவுணிலுள்ள வெல்டிங்காரரோ, "ரெண்டு கிழமையில ஓட்டையை அடைச்சுத் தாறன், தண்ணியை விட்டு நெருப்பு மூட்டிப் பாப்பம்" என்கிறாராம். மூட்டலாமா என்பதுதான் கேள்வி.

மூட்ட வேண்டாம், தம்பி. திருவிழாவுக்கு அந்தச் சில்லுகளைச் சுழலவைக்க வேறு வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். இத்தனை இடப்பெயர்வுக்குப் பிறகும் அதை இரும்புக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும் உங்கள் வீட்டாருக்கு முதலில் என் நன்றி.

எதையும் தொடுவதற்கு முன் நிலத்தைப் பாருங்கள். மண்ணில் புதைந்த உருளையை இழுக்க உழவு இயந்திரத்தோடு போய்விடாதீர்கள். அந்த வளவு கண்ணிவெடி அகற்றிய பகுதிக்குள் வருகிறதா என்பதைக் கிராம அலுவலர் மூலம் உறுதிப்படுத்துங்கள். வளவு துப்புரவாக்கப்பட்டிருந்தாலும் சில்லுக்கு அடியிலும் சாம்பல் தட்டுக்குள்ளும் யாரும் கைவிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். மண்ணுக்குள் அடையாளம் தெரியாத இரும்பு எது தட்டுப்பட்டாலும் கையை எடுத்துவிட்டு அறிவியுங்கள். றோலரின் நெருப்பு எரியும் அறையான நெருப்புப்பெட்டிக்குள் புற்றும் இருக்கும், புற்றுக்குள் பாம்பும் இருக்கும். நீளத் தடியால் தட்டிவிட்டுத்தான் எட்டிப் பாருங்கள்.

குதிரைச் சின்னம் என்றால் அது அநேகமாக இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், றொச்சஸ்டர் நகரில் இருந்த அவெலிங் அண்ட் போர்ட்டர் கம்பனியின் வேலை. துள்ளி நிற்கும் குதிரை கென்ட்டின் அடையாளம். 1862இல் தொடங்கிய அந்தக் கம்பனியின் றோலர்கள் பிரித்தானியர் ஆண்ட நாடுகளெல்லாம் போயின. 1934இல் அது இன்னொரு கம்பனியோடு சேர்ந்து அவெலிங்-பார்ஃபர்ட் ஆனது. கம்பனிப் பெயர்த் தகட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதை வைத்தே உங்கள் றோலர் 1934க்கு முந்தியதா பிந்தியதா என்று சொல்லிவிடலாம். தகடு போயிருந்தால், பாகங்களில் குத்தியிருக்கும் இலக்கத்தைத் தேடுங்கள்.

இனி, ஏன் மூட்டக்கூடாது? இந்த வகைப் பொயிலர்கள் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் அல்லது அதற்கும் மேலான அமுக்கத்தில் வேலை செய்தவை. 150 என்றே வையுங்கள். ஒரு சதுர அடியில் 144 சதுர அங்குலம் இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு சதுர அடித் தகட்டையும் ஏறக்குறைய 10 தொன் பாரம் உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது. நடுத்தர றோலர் ஒன்றின் முழு எடையே அவ்வளவுதான். அந்தத் தகடு புதிதாக வந்தபோது 10 மில்லிமீற்றருக்குக் கிட்ட இருந்திருக்கும். இத்தனை மாரி நனைந்த பிறகு எங்கே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது வெளியில் நின்று பார்த்தால் தெரியாது.

அமுக்கத்தைவிடப் பயப்பட வேண்டியது உள்ளே இருக்கும் தண்ணீர்தான். 150 இறாத்தல் அமுக்கத்தில் அது 185 பாகை செல்சியஸ் வரை சூடேறியும் கொதிக்காமல் அடங்கி நிற்கும். தகடு கிழிந்த நொடியில் அடக்கம் போய்விடும். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குத் தண்ணீர் அந்த இடத்திலேயே ஆவியாகும், ஒரு லீற்றர் தண்ணீர் ஆயிரத்து அறுநூறு லீற்றருக்கு மேல் விரியும். 2001 யூலையில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து மெடினாவில், கண்காட்சிக்கு வந்த பழைய நீராவி எஞ்சின் ஒன்று இப்படித்தான் வெடித்தது. ஐந்து பேர் உயிரிழந்தார்கள். தண்ணீர் குறைந்து நெருப்புப்பெட்டியின் கூரைத் தகடு காய்ந்து போயிருந்தது, அந்தத் தகடும் தேய்ந்து மெலிந்திருந்தது.

ஆகவே வெல்டிங்காரரிடம் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். கேற் செய்வதிலும் பெட்டி ஒட்டுவதிலும் அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். பொயிலர் தகட்டில் ஒட்டுவது தனியாகப் பயின்று சான்றிதழ் பெற்றவரின் வேலை. அதுவும் எங்கே ஒட்டலாம், எங்கே தகட்டையே வெட்டி மாற்ற வேண்டும் என்று பரிசோதகர் சொன்ன பிறகுதான். செல் துண்டு பட்ட இடங்களைச் சுற்றிச் சோக்கட்டியால் வட்டம் போட்டுப் படம் எடுத்து வையுங்கள். துளைத்துப் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியும். துளைக்காமல் பள்ளம் மட்டும் விழுந்திருந்தால் உள்பக்கத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கக்கூடும், அதுதான் கூடுதல் ஆபத்து. புட்டி பூசிப் பெயின்ற் அடித்து மறைத்துவிட்டால் பிறகு வருகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

பொயிலரை எப்படிச் சோதிப்பது? முதலில் குழாய்களையெல்லாம் கழற்றி, கைத்துவாரக் கதவுகளைத் திறந்து, உள்ளே துப்புரவாக்க வேண்டும். வெளித் தகரத்துக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு போலவோ சாந்து போலவோ ஏதாவது இருந்தால் நிறுத்துங்கள், அஸ்பெஸ்டசாக இருக்கலாம். காய்ந்தபடி உரிக்காதீர்கள், தூசி சுவாசப்பைக்குள் போனால் வெளியே வராது. துப்புரவான பிறகு, மீயொலிக் கருவியால் தகட்டின் தடிப்பை அங்குலம் அங்குலமாக அளக்க வேண்டும். கொழும்பில் இந்தப் பரிசோதனை செய்பவர்கள் இருக்கிறார்கள். நெருப்புப்பெட்டியின் அடிவளையம், முன் குழாய்த்தகட்டின் அடிப்பகுதி, கைத்துவாரங்களைச் சுற்றிய இடம் ஆகியவற்றை விடாமல் அளக்கச் சொல்லுங்கள். சாம்பலும் மழைத்தண்ணீரும் சேர்ந்து தின்பது அங்கேதான். குழாய்களை மாற்றும்போது கடையில் விற்கும் தண்ணீர்க் குழாயைப் போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொயிலருக்கென்று வரும் தையலில்லாக் குழாய்தான் வேண்டும்.

இவ்வளவும் தேறினால், வேலை அமுக்கத்தின் ஒன்றரை மடங்கு வரை குளிர்ந்த தண்ணீரால் அமுக்கச் சோதனை. காற்றோ நீராவியோ கூடவே கூடாது. தண்ணீர் அமுங்குவது மிகக் கொஞ்சம், தகடு விட்டுக்கொடுத்தால் ஒரு பீச்சலோடு நின்றுவிடும். அமுங்கிய காற்று அப்படியல்ல, குண்டு மாதிரி விரியும். சோதனையைப் பார்த்துக் கையெழுத்து வைப்பதற்கு உரிய ஆள் வேண்டும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பொயிலர்களைப் பார்ப்பது தொழில் திணைக்களம். வவுனியாவிலுள்ள தொழில் அலுவலகத்தில் தொடங்கி, கைத்தொழில் பாதுகாப்புப் பிரிவுக்குக் கடிதம் எழுதுங்கள். இது தொழிற்சாலை இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். சனம் கூடும் இடத்தில் ஓடப் போகிற பொயிலர் இது.

இது ஒரு வருடத்திலும் முடியாமல் போகலாம், செலவும் சிறியதல்ல. சரி, திருவிழாவுக்கு என்ன செய்யலாம்?

காற்றில் ஓட்டுங்கள், ஆனால் பொயிலருக்குள் காற்றை அடைக்காமல். இந்த றோலர்களில் சிலிண்டர் பொயிலரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். அதன் பக்கத்திலுள்ள வால்வுப் பெட்டிக்கு நேரடியாகக் கொம்பிரசர் குழாயைக் கொடுத்து, இடையில் அமுக்கக் கட்டுப்பாட்டு வால்வு ஒன்றைப் பூட்டி, 30 இறாத்தலுக்கு மேல் போகாமல் வைத்தால் பாரமில்லாமல் எஞ்சின் மெல்லச் சுழலும். பொயிலரிலிருந்து சிலிண்டருக்கு ஆவி விடும் றெகுலேற்றரை மூடிவிடுங்கள். பழசு என்பதால் அது கசியும், ஆகவே பொயிலரின் கைத்துவாரக் கதவுகளைக் கழற்றித் திறந்தே வைத்திருங்கள். அப்போது கசியும் காற்று உள்ளே தங்காது. கியரை விலக்கி, பூட்டு முளையைப் போட்டு, சில்லுகளுக்கு அடை வையுங்கள். பெரிய சக்கரம் சுற்றுவதையும் தண்டுகள் முன்னும் பின்னும் போய்வருவதையும் பார்க்கப் பிள்ளைகள் கிட்ட வருவார்கள், ஆகவே சுற்றிவரக் கயிறு கட்டுங்கள்.

அதற்கு முன் பிஸ்ரன் இறுகியிருந்தால் சம்மட்டியால் அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு வெடித்துவிடும். டீசலும் கியர் ஒயிலும் கலந்து ஊற்றி ஊறவையுங்கள். ஒரு மாதம் ஊறினாலும் பரவாயில்லை. பெரிய சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஒரு நூல் அளவு அசைத்துக்கொண்டே வாருங்கள். ஒருநாள் அது தானாகவே விட்டுக்கொடுக்கும், அந்தச் சந்தோசத்தை நான் அனுபவித்திருக்கிறேன்.

பொயிலர் தேறி, நெருப்பு மூட்டும் நாள் வந்தால் நான் வற்புறுத்துவது, உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று காட்டும் தண்ணீர்க் கண்ணாடியைத்தான். நெல் அவிக்கும் ஆலை ஒன்றில் பொயிலர் பார்த்த காலத்தில் ஒருநாள் விடியப்புறம் 3 மணிக்கு வேலை மாறினேன். "தண்ணி பாதி நிக்குது" என்று சொல்லிவிட்டு மற்றவர் போய்விட்டார். நானும் பார்த்தேன், பாதி நின்றது. ஆனால் அசையாமல் நின்றது. உயிருள்ள பொயிலரில் கண்ணாடிக்குள் தண்ணீர் சற்றே ஆடிக்கொண்டுதான் இருக்கும். கீழ் வடிகுழாயைத் திறந்தேன், கண்ணாடி வெறுமையானது. மூடினேன். துள்ளி ஏற வேண்டிய தண்ணீர் ஏறவே இல்லை. கீழ்த் துவாரம் அடைத்திருந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஆவி குளிர்ந்து தேங்கிய தண்ணீர். உள்ளே எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. உமி நெருப்பை வெளியே இழுத்து, ஈரச் சாம்பலைப் போட்டு மூடிவிட்டு எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னேன். பம்பைத் தொடவில்லை. காய்ந்து பழுத்த தகட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன நடக்கும் என்பது படித்திருந்தேன். மறுநாள் ஆறவைத்துத் திறந்தபோது அந்தத் துவாரத்தில் சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவு இறுகிப்போய் இருந்தது.

கிணற்றுத் தண்ணீரின் வேலை அது. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள், அதே வெள்ளைதான். றோலருக்கு மாரியில் தாங்கிக்குள் பிடித்த மழைத்தண்ணீரே நல்லது. கண்ணாடியை மணிக்கொரு தரம் இப்படிச் சோதியுங்கள்: வடிகுழாயைத் திறந்து, கீழ் வால்வை மூடினால் மேலிருந்து ஆவி சீற வேண்டும். அதைத் திறந்து மேல் வால்வை மூடினால் தண்ணீர் சீற வேண்டும். எல்லாவற்றையும் பழையபடி வைத்தால் தண்ணீர் உடனே துள்ளி ஏற வேண்டும். மெல்ல ஏறினால் துவாரம் அடைபடத் தொடங்கிவிட்டது.

நெருப்புப்பெட்டிக் கூரையில் ஈயம் ஊற்றிய ஒரு முளை இருக்கும். தண்ணீர் குறைந்து கூரை காய்ந்தால் 327 பாகையில் ஈயம் உருகி, ஆவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். அந்த இடத்தில் இரும்புப் போல்ட் பூட்டியிருந்தால் உடனே கழற்றுங்கள். மேலே படிவு மூடிய முளையும் நேரத்துக்கு உருகும் என்று நம்ப முடியாது, ஆகவே புதிய ஈயம் ஊற்றுவியுங்கள்.

வன்னி சமதரைதானே, சரிவு எங்கே என்று நினைப்பீர்கள். குளக்கட்டு இருக்கிறது. கட்டிலிருந்து முன்பக்கமாக இறங்கும்போது தண்ணீரெல்லாம் முன்னுக்கு ஓடும், பின்னால் இருக்கும் நெருப்புப்பெட்டிக் கூரை வெறுமையாகிவிடும். கண்ணாடியில் பாதி காட்டினாலும் குளக்கட்டில் ஏற்றாதீர்கள். சின்ன மதகுகளிலும் ஏற்ற வேண்டாம். விறகில் ஓட்டுவதென்றால் புகைபோக்கிக்குக் கம்பிவலை போடுங்கள், சோளகம் வீசும் மாதங்களில் ஓட்டவே ஓட்டாதீர்கள். ஒரு பொறி போதும், காய்ந்த புல்லோடு அடுத்த வளவு வேலியும் போய்விடும்.

இப்போதைக்கு, மாரி தொடங்க முன் மூன்று வேலை செய்யுங்கள். சாம்பல் தட்டையும் புகைப்பெட்டியையும் சுரண்டி உலரவையுங்கள். புகைபோக்கி வாயைத் தகரத்தால் மூடி, மேலே ஒரு கொட்டில் போடுங்கள். கிராங் தண்டின் முனையைக் கம்பித் தூரிகையால் துடைத்து, அங்கே இலக்கம் தெரிந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.