திறமை இருந்தால் வந்துவிடுவார்களா?

ஐயா,

கணிதத்திலும் அறிவியலிலும் பெண்களுக்குத் தடைகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இன்று பெண் என்பதற்காக யாரும் கல்லூரிக் கதவைச் சாத்துவதில்லை. உண்மையான திறமை இருந்தால் ஜெர்மன் கணித மேதை எமி நோய்தர் போல மேலே வந்துவிட மாட்டார்களா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

நோய்தரை நீங்களே இழுத்தது நல்லதாயிற்று. 1915இல் கணிதப் பேராசிரியர்கள் ஹில்பெர்ட்டும் கிளைனும் அவரை ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். பெண்ணுக்கு விரிவுரை உரிமை தரக்கூடாது என்று மற்ற பேராசிரியர்கள் முரண்டு பிடித்தார்கள். அதனால் ஹில்பெர்ட் பெயரில் வகுப்பு அறிவிக்கப்படும். போய்ப் பாடம் நடத்துவது நோய்தர். சம்பளம் கிடையாது. இயற்பியலுக்கே அடித்தளமாகிவிட்ட அவருடைய தேற்றம் வெளிவந்தது 1918இல். உரிமை கிடைத்தது அதற்கடுத்த வருடம். அதுவரை அவரைத் தாங்கியது வீட்டுப் பணம். வீட்டில் காசில்லாத இன்னொரு நோய்தர் என்ன ஆனார்? அவர் பெயரே நமக்குத் தெரியாது என்பதால் உங்கள் கணக்கில் அவர் வருவதில்லை.

பழைய கதை என்பீர்கள். இயற்பியலாளர் மரியா கோப்பர்ட் மேயர் பல வருடங்கள் கணவர் வேலை பார்த்த பல்கலைக்கழகங்களில் சம்பளமில்லாமல் ஆராய்ச்சி செய்தவர். முழுச் சம்பளப் பேராசிரியர் ஆனது 1960இல்; நோபல் 1963இல். பரிசுக்குரிய வேலையை அவர் முடித்தே அப்போது பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இப்போது சட்டம் தடுப்பதில்லை, சரி. முனைவர் பட்டத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருட ஒப்பந்த வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஊர் மாற்றம். பிள்ளை பெறும் வயதும் அதுவேதான். (கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கு வயது வரம்பு நாற்பது. 1936இல் தொடங்கிய பதக்கம் முதன்முதலாக ஒரு பெண்ணின் கைக்கு வந்தது 2014இல், ஈரானியக் கணிதவியலாளர் மரியம் மிர்சாகானிக்கு.) ஆனால் அந்த வயதுவரை வந்து சேர்வதே எத்தனை பேர்?

என் அண்ணனுக்கு இரட்டைப் பிள்ளைகள், ஆணும் பெண்ணும். ஒருநாள் இருவருக்கும் ஒரே பின்னக் கணக்கைக் கொடுத்தேன். இருவருக்கும் தப்பு. பையன் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டான். பெண் தாள் நைந்து ஓட்டை விழும்வரை ரப்பரால் தேய்த்தாள், பிறகு அந்தப் பக்கத்தையே கிழித்து மடித்து வைத்துக்கொண்டாள். ஏன் தப்பாயிற்று என்று இருவரையும் கேட்டேன்.

"சரியாகப் பார்க்கவில்லை சித்தப்பா" என்றான் அவன்.

"எனக்குக் கணக்கு வராது சித்தப்பா" என்றாள் அவள்.