எம்.பி.யைப் பார்க்க 3,500 ரூபாயா?

கேள்வி: என் அப்பாவுக்கு 82 வயது. 1963-இல் பட்டாளத்தில் சேர்ந்து ஏழு ஆண்டு கலர் சர்வீஸ் (யூனிட்டில் நேரடிப் பணி), எட்டு ஆண்டு ரிசர்வ் (ஊரில் இருந்து, கூப்பிட்டால் திரும்பிப் போவது) முடித்து, இப்போது ரிசர்விஸ்ட் பென்ஷன் வாங்குகிறார். ஒரு முன்னாள் படைவீரர் சங்கத்திலிருந்து வந்தவர்கள், டெல்லியில் எம்.பி.க்களைப் பார்த்து ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதிய’த்தில் சேர்த்துவிடுவதாகவும் 2014 முதல் நிலுவை லட்சக்கணக்கில் வரும் என்றும் சொல்கிறார்கள். தலைக்கு 3,500 ரூபாய் கேட்கிறார்கள். இரண்டு வெற்றுத் தாளில் கையெழுத்தும், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), ஆதார், வங்கிப் புத்தக நகல்களும் வாங்கிப் போயிருக்கிறார்கள். பணம் தரலாமா? சங்கம் போய்ப் பேசினால் உண்மையிலேயே நடக்குமா?
- வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: பணம் தராதீர்கள். அதைவிட அவசரமான வேலை, அந்த இரண்டு வெற்றுத் தாள்களையும் நகல்களையும் இன்றே திரும்ப வாங்குவது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில், நடக்கும் என்பதுதான். நடந்தும் இருக்கிறது. ஒரே பதவியில் ஒரே அளவு காலம் பணியாற்றியவர்களுக்கு, எப்போது ஓய்வுபெற்றிருந்தாலும், ஒரே அளவு ஓய்வூதியம் என்ற இந்தத் திட்டமே சங்கங்கள் பல ஆண்டு விடாமல் கதவைத் தட்டி வாங்கியது. பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுவின் முன் அந்தக் கோரிக்கை மனுவாகப் போனது. 2011 டிசம்பரில் குழு அதை ஏற்றுப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சங்கங்கள் கட்சி கட்சியாக ஏறி இறங்கின. தேர்தல் நெருங்கியதும் எல்லோருக்கும் திடீரென்று ஞானம் பிறந்தது. 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் 500 கோடி, ஜூலை பட்ஜெட்டில் 1,000 கோடி என்று அறிவித்தார்கள். ஆணை மட்டும் வரவில்லை. 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் வயதானவர்கள் பதக்கத்தைக் குத்திக்கொண்டு தொடர் உண்ணாவிரதம் உட்கார வேண்டியிருந்தது. செப்டம்பர் 5 அன்று அறிவிப்பும், நவம்பர் 7 அன்று ஆணையும் வந்தன. 2014 ஜூலை 1 முதல் அமல்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நாடாளுமன்றக் குழு சொல்லிவிட்டது என்பதால் அரசு செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. கோஷியாரி குழு அறிக்கையை அரசின் கொள்கை அறிவிப்பாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே, ‘குழுவில் பேசிவிட்டோம், முடிந்த மாதிரி’ என்று எந்தச் சங்கத்துக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். குழு வரை போவது பாதி வழி. மீதிப் பாதியில் நிதி அமைச்சகம் உட்கார்ந்திருக்கிறது.

இனி உங்கள் அப்பாவின் விஷயம். சொல்வதற்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. இந்தத் திட்டத்துக்கான தொகை அட்டவணையோடு 2016 பிப்ரவரி 3 அன்று வந்த ஆணையிலேயே, ரிசர்விஸ்ட் பென்ஷன் வாங்குபவர்களுக்கு இது பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். ஒரே ஒரு வரிதான். அந்த வரி இருக்கிறவரை நிலுவை என்ற பேச்சுக்கே இடமில்லை. கிடைக்காத தொகைக்கு நிலுவை எங்கிருந்து வரும்? எம்.பி.க்களிடம் கேட்க வேண்டியது அந்த வரியை நீக்கச் சொல்லித்தான். அது கொள்கை மாற்றம். ஆளுக்கு ஆள் கட்டணம் வாங்கி ‘வாங்கித் தரும்’ சரக்கு இல்லை.

இங்கே ஒரு விலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஊர் ஊராக ஏமாற்று நடக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் (படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் பணிப் பதிவு) ‘ரிசர்வ்’ என்ற சொல் இருந்தாலே ஒருவர் ரிசர்விஸ்ட் பென்ஷன்காரர் ஆகிவிடமாட்டார். உங்கள் அப்பா காலத்தில் கலர் சர்வீஸையும் ரிசர்வ் காலத்தையும் கூட்டிப் பதினைந்து ஆண்டு முடித்தவருக்குக் கொடுத்தது ரிசர்விஸ்ட் பென்ஷன். பின்னால் வந்தவர்கள் பதினைந்து, பதினேழு ஆண்டு முழுக்க யூனிட்டிலேயே வேலை பார்த்து சர்வீஸ் பென்ஷனோடு வந்தவர்கள். வந்த பிறகும் இரண்டு ஆண்டு ரிசர்வ் கடப்பாடு என்று அவர்கள் புத்தகத்தில் முத்திரை இருக்கும். கூப்பிட்டால் திரும்பி வர வேண்டும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அவர்கள் வாங்குவது சர்வீஸ் பென்ஷன், அவர்களுக்கு ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் உண்டு, பெரும்பாலோருக்கு ஏற்கெனவே வந்தும்கொண்டிருக்கிறது. அந்த முத்திரையைக் காட்டி ‘நீங்கள் ரிசர்வ், உங்களுக்கு விட்டுப்போயிற்று’ என்று பயமுறுத்திக் காசு பறிக்கிறார்கள். வந்துகொண்டிருக்கும் பணத்தை வாங்கித் தந்ததாகக் கணக்குக் காட்டிப் பங்கு கேட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எனவே டிஸ்சார்ஜ் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு பி.பி.ஓ.வை எடுங்கள். பென்ஷனின் வகை என்ன என்று அதில் இருக்கும். ரிசர்விஸ்ட் என்று இருந்தால் நான் மேலே சொன்னதுதான். சர்வீஸ் என்று இருந்தால் பிரச்சினையே வேறு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பைசா செலவில்லாமல் தீர்ந்துவிடும்.

வெற்றுத் தாளுக்கு வருகிறேன். மக்களவைக்கு மனு கொடுப்பதற்கு விதிகள் இருக்கின்றன. கையெழுத்துகள் பல தாள்களில் போனால், ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கை திரும்ப எழுதப்பட்டிருக்க வேண்டும். வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து மனுவுக்கு உதவாது. மனுவோடு வேறு ஆவணங்களை இணைக்கவும் கூடாது. அப்படியிருக்க ஆதார் நகலும் வங்கிப் புத்தகமும் எதற்கு? எம்.பி. உங்கள் அப்பாவின் கணக்கு எண்ணை வைத்துக்கொண்டு அவையில் எழுந்து பேசப்போகிறாரா? பென்ஷன் முழுவதும் ஸ்பர்ஷ் என்ற படைவீரர் ஓய்வூதிய இணையதளத்துக்குப் போய்விட்ட காலம் இது. பி.பி.ஓ. எண், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே கையில் இருப்பது ஆபத்து. அலைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் அப்பா சொல்லக் கூடாது. இதை அவருக்குத் தினமும் காலையில் ஒருமுறை சொல்லுங்கள்.

‘வழக்கும் போட்டிருக்கிறோம், மனுவும் கொடுக்கிறோம்’ என்று இரண்டுக்கும் வசூலிக்கும் சங்கம் என்றால் இன்னும் ஒருபடி எச்சரிக்கை தேவை. நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் விஷயத்தை மனுக்கள் குழு எடுப்பதில்லை.

எம்.பி.க்குக் ‘கவனிக்க’ என்று பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான்.

எல்லாச் சங்கமும் மோசம் என்று சொல்லவில்லை. ஆண்டுச் சந்தாவுக்கு ரசீது கொடுத்து, பொதுக்குழுவில் வரவு செலவு வாசித்து, அனுப்பிய கடிதத்தையும் வந்த பதிலையும் பலகையில் ஒட்டுகிற சங்கங்கள் இருக்கின்றன. ‘போன ஆண்டு யாருக்கு எழுதினீர்கள், என்ன பதில் வந்தது, காட்டுங்கள்’ என்று கேளுங்கள். நல்ல சங்கம் கோப்பை எடுத்து வைக்கும். மற்றவர்கள் தலைவரோடு எடுத்த புகைப்படத்தைக் காட்டுவார்கள்.

நீங்களே செய்யக்கூடியது இதுதான். உங்கள் தொகுதி மக்களவை உறுப்பினருக்கு ஒரு பக்கக் கடிதம், தமிழிலேயே எழுதுங்கள். அதில் ஒரே ஒரு வேண்டுகோள் போதும்: ‘நாட்டில் ரிசர்விஸ்ட் பென்ஷன் வாங்குவோர் எத்தனை பேர், அவர்களை ஒரே பதவி, ஒரே ஓய்வூதியத்தில் சேர்க்கும் யோசனை அரசிடம் உண்டா, இல்லையென்றால் காரணம் என்ன என்று எழுத்துப்பூர்வப் பதில் கேட்டு அவையில் கேள்வி போடுங்கள்.’ கேள்விக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஆகவே கூட்டத்தொடருக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அமைச்சர் அவையில் தரும் பதில் பதிவாகும், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்கலாம். துறைக்கு நேரே எழுதினால் ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று ஓர் அச்சடித்த வரி வரும். 82 வயதுக்காரரிடம் பரிசீலனை என்று சொல்வதற்கு எப்படித்தான் மனம் வருகிறதோ.

பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவில் 31 பேர் இருக்கிறார்கள். பட்ஜெட்டுக்குப் பின் துறை தன் செலவுக்குக் கேட்கும் தொகையை, அதாவது மானியக் கோரிக்கையை, ஆராய்வது அவர்கள்தான். கடிதத்தின் நகலை ஜனவரியிலேயே அங்கேயும் அனுப்பலாம். தனிநபர் குறையை அவர்கள் எடுக்கமாட்டார்கள். ‘என் அப்பாவுக்கு’ என்று எழுதாமல் ‘ரிசர்விஸ்ட் பென்ஷன்காரர்களுக்கு’ என்று எழுதுங்கள்.

உங்கள் சகோதரரோ கணவரோ இப்போது படையில் இருந்தால் அவர் பெயர் இதில் எங்கும் வரக் கூடாது. பணியில் இருப்பவருக்கு இப்படிப்பட்ட கூட்டு மனு ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடியும். ஓய்வுபெற்ற அப்பா தாராளமாகக் கையெழுத்திடலாம்.

கடைசியாக, ஸ்பர்ஷில் அப்பாவின் பிறந்த தேதி சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 80 வயது முடிந்தவர்களுக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக உண்டு. 82 வயதில் அது வராமல் இருந்தால் எந்த எம்.பி.யையும் பார்க்கத் தேவையில்லை, பி.பி.ஓ.வையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். நகல் கேட்டால் அங்கேயே, உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள்.