கேள்வி பதில்: தத்துப்பிள்ளைகளும் மனநல ஆலோசனையும்

மதுரையில் தத்தெடுத்த குடும்பங்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். என் வேலைக்குள் வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

வில்லாபுரம் வாசகி: நாலு வயதுப் பையனைத் தத்தெடுத்துச் சில மாதம் ஆகிறது. இட்லியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறான், என்னை மட்டும் அடிக்கிறான். எனக்குப் பாசமே வரவில்லை, தினமும் அழுகிறேன்.

இதை வெளியில் சொன்னதே நல்லதும்மா. இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயம் என்ற நம்பிக்கை வர மாதக்கணக்கில் ஆகலாம். திட்டாதீர்கள். ஒரு டப்பாவில் முறுக்கோ பிஸ்கட்டோ போட்டு அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்து, "இது உன்னுடையது, தீர்ந்தால் அம்மா நிரப்புவேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி நிரப்புங்கள். உங்களை அடிப்பது, நீங்களும் விட்டுப் போய்விடுவீர்களோ என்ற பயமாக இருக்கலாம். அப்புறம் உங்கள் விஷயம். பிரசவமான பெண்ணுக்கு வருவது போலத் தத்தெடுத்த அம்மாவுக்கும் மனச்சோர்வு வரும், வருடக்கணக்கில் காத்திருந்து கிடைத்த பிள்ளையாச்சே, இப்போது போய் அழலாமா என்று வெட்கப்பட்டே பலர் மறைக்கிறார்கள். பாசம் பழகப் பழக வரும். ஆனால் அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும், நம் அரசு இராசாசி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. தத்து நிறுவனத்திலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம் வந்து பார்ப்பார்கள். அவர்களிடமும் மறைக்காதீர்கள், ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வதும் அவர்கள் வேலைதான்.

செல்லூர் வாசகர்: சைக்யாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர், யாரிடம் போவது?

சைக்யாட்ரிஸ்ட் டாக்டர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சுவழி சிகிச்சை தருவார், இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கவுன்சிலர் என்று யார் யாரோ போர்டு மாட்டுகிறார்கள், என்ன படித்தீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

திருமங்கலம் வாசகர்: மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவில் பதிந்து காத்திருந்து அலுத்துவிட்டது. ஒரு நர்ஸ், பணம் கொடுத்தால் குழந்தை தருகிறேன், பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார்.

வேண்டாம். வேண்டவே வேண்டாம். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி 5 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் அபராதம். ஆஸ்பத்திரி ஆட்களே செய்தால் 3 முதல் 7 வருடம். முறைப்படி ஒப்படைக்கிற தாய்க்கு மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு, இந்தக் குறுக்குவழியில் அவளை யார் கேட்கிறார்கள்? காத்திருப்பது தாங்கவில்லை என்றால் அதற்கும் ஆலோசனைக்கு வரலாம், வாருங்கள்.

அண்ணா நகர் பெரியவர்: பேத்தியைக் கைக்குழந்தையாக எடுத்து வந்தோம், இப்போது ஏழு வயது. சொல்லி ஏன் பிஞ்சு மனசைக் கெடுக்க வேண்டும்? கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்தால் போதாதா?

ஐயா, தெருவுக்கும் சொந்தபந்தத்துக்கும் தெரிந்தது அவளுக்கு மட்டும் தெரியாமல் எத்தனை நாள் இருக்கும்? ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் பெரியம்மா முறை ஒருவர், பாராட்டாகத்தான், "எடுத்த பிள்ளைன்னு சொல்லவே முடியாது, அப்படியே அப்பன் ஜாடை" என்றார். பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்தது. அம்மா இலையை விட்டு எழுந்து போய்விட்டார். பின்னால் என்னிடம் வந்தபோது அந்தப் பிள்ளை கேட்டது, தன்னைப் பெற்றது யார் என்று இல்லை, "அம்மா ஏன் எந்திரிச்சுப் போனாங்க?" என்றுதான்.

மேலூர் வாசகர்: பெரியவர் சொல்வதே சரி. அந்தக் காலத்தில் இதையெல்லாம் பேசியா பிள்ளை வளர்த்தார்கள்?

பேசாமல்தான் வளர்த்தார்கள். அப்படி வளர்ந்தவர்கள் நாற்பது வயதில், சொத்துத் தகராறில் பங்காளி வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டு என்னிடம் வருகிறார்கள். அந்த வலியை நான் தினமும் பார்க்கிறேன், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அண்ணா நகர் பெரியவர்: சரிம்மா, எப்படிச் சொல்வது?

நீங்கள் இல்லை ஐயா, அவளுடைய அம்மா அப்பா சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். "நீ இன்னொரு அம்மா வயிற்றில் பிறந்தாய், அவர்களால் வளர்க்க முடியவில்லை, நாங்கள் ஆசைப்பட்டு உன்னைக் கூட்டி வந்தோம், நீ எப்போதும் எங்கள் பிள்ளை." இவ்வளவு போதும், மீதியை அவள் கேட்கக் கேட்கச் சொல்லலாம். பெற்றவளைக் குறை சொல்ல வேண்டாம். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று வீட்டில் யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது.

உசிலம்பட்டி வாசகர்: தெரிந்த ஆஸ்பத்திரியில் நேராகக் குழந்தை வாங்கலாமா?

திருமங்கலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வி உள்பெட்டியிலும் குவிகிறது, இனி பதில் சொல்ல மாட்டேன்.

கோரிப்பாளையம் வாசகி: பீஸ் கட்ட வசதி இல்லை.

14416, டெலி மானஸ், அரசின் மனநல ஆலோசனை போன் எண். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.

தெப்பக்குளம், 19 வயது: தத்துப்பிள்ளை என்று போன மாதம்தான் தெரிந்தது. வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. பெற்றவரைத் தேடலாமா?

தேடலாம்மா. 18 தாண்டிவிட்டதால் நீயே காராவுக்கு விண்ணப்பிக்கலாம், அம்மா அப்பா சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பெற்றவரின் அந்தரங்கத்தையும் சட்டம் காக்கிறது, அவர் சம்மதிக்கவில்லை என்றால் விவரம் கிடைக்காமல் போகலாம். அதனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஓர் ஆலோசகரிடம் போய், எந்தப் பதில் வந்தால் என்ன செய்வாய் என்று பேசிவிடு. வீட்டார் மேல் உன் கோபம் நியாயம், அதை அடக்கச் சொல்ல மாட்டேன். முதல் தடவை தனியாகப் போ, அப்புறம் வேண்டுமென்றால் அவர்களையும் கூட்டிப் போகலாம். ராத்திரியில் செத்துவிடலாம் போலத் தோன்றினால் விடியட்டும் என்று இருக்காதே, மேலே கொடுத்த எண்ணுக்கு அப்போதே போன் போடு.