கிணற்றுக் கட்டில் காயும் தேசிக்காய்

அன்புள்ள ஐயா,

பாண் வண்டியின் பாட்டுக் கேட்டதும் எங்கள் ஒழுங்கைகளில் கதவுகள் திறப்பதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்துச் சிரித்தேன். அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில். அம்மா 1997இல் வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போனார். எனக்கு அப்போது நாலு வயது. அப்பா கடல் தொழில் செய்தவர். கடலுக்குப் போகிற நேரத்துக்கும் தூரத்துக்கும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. 2010இல்தான் அம்மா ஒரேயடியாகத் திரும்பி வந்தார். இடையில் மூன்று முறை லீவில் வந்ததாக ஞாபகம். என்னை வளர்த்தது அம்மம்மா. அம்மா எனக்கு மாதம் ஒரு கசெட்டும், வருடத்துக்கு ஒரு பெட்டி சாமானுமாகத்தான் இருந்தார்.

இப்போது எங்களோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமை வந்தால் மச்பூஸ் என்ற அரபுச் சோறு சமைக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மச்சம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோழி போட்டுச் சமையுங்கள் என்று என் கணவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைதான் வேண்டும், கோழிக்குப் பதில் சோயா மீற் போதும் என்கிறார். அந்தச் சோற்றுக்காகத் தேசிக்காயை உப்புத் தண்ணீரில் அவித்து, கிணற்றுக் கட்டில் வரிசையாக வைத்து, கறுக்கும் வரை காயவைக்கிறார். பக்கத்து வீட்டு மாமி என்னைத் தனியே அழைத்து, "பிள்ளை, யாராவது செய்வினை வைத்துவிட்டார்களா? கழிக்கிற ஆள் ஒருவரை எனக்குத் தெரியும்" என்றார்.

குவைத்தில் வேலை செய்த வீட்டில் அம்மாவுக்கு நடந்தவை நல்லவை அல்ல. கடைசி ஏழு மாதச் சம்பளம் கைக்கு வரவில்லை. இடது கையில் ஒரு சூட்டு வடு இருக்கிறது. கேட்டால் எண்ணெய் தெறித்தது என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. அப்படிப்பட்ட வீட்டின் சோற்றை ஒருவர் ஏன் இவ்வளவு ஆசையாகச் சமைக்க வேண்டும்? அந்த வீட்டுப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு சமைக்கிறாரோ என்று சில வேளை தோன்றுகிறது. என் மகன் கோப்பையை வழித்துச் சாப்பிடுகிறான். எனக்கு மட்டும் தொண்டைக்குள் இறங்குவதில்லை.

பெயர் வேண்டாம்,
உப்புவெளி.

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த மாமியின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். கிணற்றுக் கட்டில் காய்வது லூமி. வளைகுடா நாடுகளில் பெரும்பாலான குசினிகளில் ஒரு போத்தல் லூமி இருக்கும். ஓமானில் பெயர் பெற்றது, குவைத்திலும் அது இல்லாமல் மச்பூஸ் இல்லை. உப்புத் தண்ணீரில் அவித்து வெயிலில் விட்டால் தோல் பழுப்பாகி உள்ளே கரியாகக் கறுத்துவிடும். பிறகு அதில் ஒரு துளை போட்டு கொதிக்கிற சாற்றில் இட வேண்டும். புளிப்போடு கொஞ்சம் புகை மணமும், பின்னால் ஒரு சிறு கைப்பும் வரும். கைப்புப் பிடிக்காதவர்கள் விதையை எடுத்துவிட்டுப் போடுவார்கள். நம் ஊரில் தேசிக்காய் கழுத்தில் மாலையாக விழும், வாகனச் சில்லின் கீழ் நசுங்கும், பேய் பிடித்தவர் தலைக்கு மேல் வெட்டுப்படும். அது நிம்மதியாக வெயில் காய்வதை மாமி இதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். ஒரு கோப்பை சோறு கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரே போகாமல் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

1990இல் நாங்களும் கடல் கடந்தவர்கள்தான். திருகோணமலையிலிருந்து காடும் ரோட்டுமாக மன்னார்க் கரைக்குப் போய், இரவில் வள்ளம் ஏறி, தமிழ்நாட்டில் மண்டபம் கரையில் இறங்கினோம். எனக்குப் பன்னிரண்டு வயது. நாலு வருடம் ஒரு முகாமில் இருந்தோம். தார்ப் பாயாலும் ஓலையாலும் மறைத்த ஓர் அறை. மாதத்தில் குறித்த நாளில் எல்லோரும் வரிசையில் நின்று தலையை எண்ணக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு ஆள் இல்லையென்றால் உதவிப் பணம் இல்லை. என் அப்பாவை அவரை விடப் பாதி வயதுள்ள ஒருவர் ஒருமையில் அழைத்ததை நான் பார்த்தேன். அப்பா அதற்குப் பிறகு அந்த வரிசைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகவில்லை.

அந்த நாலு வருடத்தில் அம்மா சாம்பார் வைக்கப் பழகினார். முகாமுக்கு வெளியே இருந்த ஓர் அக்காவுக்கும் அவருக்கும் பண்டமாற்று நடந்தது. இங்கிருந்து இடியப்பம் போகும், அங்கிருந்து சாம்பார் வரும். ஒரு நாள் பாத்திரம் வருவதை நிறுத்திவிட்டு அம்மாவே அந்த அக்காவின் அடுப்படிக்குப் போய் நின்றார். 1994இல் ஊருக்குத் திரும்பிய பிறகும் சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் சாம்பார்தான். அப்பா அதை "அகதிக் குழம்பு" என்பார், தொடவே மாட்டார். தேங்காய்ப்பால் விட்ட மைசூர்ப் பருப்பு ஒரு சட்டி அவருக்காகத் தனியே வைக்க வேண்டும். துவரம்பருப்பு விலையைப் பற்றியும் அவருக்கு ஒரு பாட்டு இருந்தது.

எனக்கும் உங்களைப் போல ஒரு கேள்வி இருந்தது. வளர்ந்த பிறகு, ஒரு சனிக்கிழமை, கொஞ்சம் திமிராகவே கேட்டேன்: "முகாம் வாழ்க்கைக்கு அவ்வளவு ஆசையா, அம்மா?" அம்மா தாளிப்புச் சட்டியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தத் திருகோணமலையில் பெருங்காயக் கட்டியைக் கருகாமல் பொரிக்க எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லு பார்ப்போம்" என்றார்.

நான் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். அவர் போய் ஆறு வருடமாகிறது. அதே சாம்பாரை என் மனைவி மூன்று முறை முயன்று, "உங்கள் அம்மாவின் கை எனக்கு வராது, இனிக் கேட்காதீர்கள்" என்று கரண்டியை வைத்த அன்றுதான் அது பதில் என்று எனக்கு விளங்கியது. அந்த முகாமில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் யாரோ அளந்து போட்டவை. அரிசி, மண்ணெண்ணெய், பாய் எல்லாமே. சாம்பாரை மட்டும் யாரும் அளந்து போடவில்லை. அம்மா போய்க் கற்றுக்கொண்டு வந்தார்.

இப்போது உங்கள் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். "அந்த வீட்டின் சோறு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் அதைச் சமைத்தது யார்? பதின்மூன்று வருடம் அந்த மேசைக்குப் போன சோறு, போகும்போது புட்டும் சொதியும் மட்டும் தெரிந்திருந்த ஓர் இளம் பெண்ணின் கையால் ஆனது. யாரோ பக்கத்தில் நின்று காட்டியிருப்பார்கள். முதல் மாதம் அரிசி குழைந்திருக்கும், ஏச்சும் விழுந்திருக்கும். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை குழையாமல் வந்திருக்கும். குவைத்தில் குடும்பம் முழுவதும் சேர்ந்து உட்காரும் சாப்பாடு வெள்ளி மதியத்துச் சாப்பாடுதான். அன்றைக்குச் சட்டி இறங்கும் நேரத்தில் வீடு முழுவதும் ஒருவரை எதிர்பார்த்துக் காத்திருந்தது என்றால், அவர் உங்கள் அம்மா. எங்கள் தெருவில் சவூதியில் இருந்து வந்த ஒரு அக்கா சொன்னார்: "நான் கூட்டும்போதும் துடைக்கும்போதும் மேடம் பின்னால் நிற்பார். அடுப்பில் நிற்கும்போது மட்டும் கதவருகில் நின்று, உப்புப் போட்டாயா என்று மெதுவாகக் கேட்பார்."

இதைச் சொல்வதால் அந்த வீடு நல்ல வீடாகிவிடாது. உங்கள் அம்மா அங்கே இருந்த காலம் முழுவதும், வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்ற பேச்சே அந்த நாட்டின் சட்டத்தில் இருக்கவில்லை. ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வருடத்துக்கு ஒரு மாதம் சம்பளத்தோடு லீவு என்றெல்லாம் 2015இல்தான் சட்டமாக எழுதினார்கள். அவர் திரும்பி வந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு. ஏழு மாதச் சம்பளம் கடன்தான், அது தீரவில்லை. வடு, அவராகச் சொல்கிற அன்றைக்குத்தான் கதையாகும். அதுவரை எண்ணெய் தெறித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

துன்பம் தந்தவர்களின் உணவை எப்படி விரும்பலாம் என்பது நியாயமான கேள்வி என்றால், அதை நம் ஊர் முழுவதிடமும் கேட்க வேண்டியிருக்கும். 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டினார்கள். இன்றைக்கு அந்தக் கோட்டைக்குள் மான் மேய்கிறது. நாம் அதன் வாசல் வழியாகத்தான் கோயிலுக்கு ஏறுகிறோம். ஏறிக் கும்பிட்டு இறங்கி வந்து காலைச் சாப்பாட்டுக்கு என்ன வாங்குகிறோம்? பாண். சொல்லும் அவர்களுடையது. சம்பலில் இடிக்கிற செத்தல் மிளகாயும் அவர்கள் கப்பலில் வந்த மிளகாயின் வழிதான். உட்கார்ந்து சாப்பிடும் கதிரையும் அவர்கள் சொல். சமைக்கிற இடத்துக்குக் குசினி என்கிறோமே, அதுவும். பாண் சாப்பிடுகிற யாரையும் கோயிலை இடித்தவனோடு சேர்த்து நாம் பார்ப்பதில்லை. உங்கள் அம்மாவிடம் மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறோம்?

எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பிடித்த இடம் சோயா மீற். அதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை அவருடைய நாள், அதை விட்டுக்கொடுக்க மாட்டார். மச்சம் இல்லாத வெள்ளி உங்கள் அம்மம்மாவின் நாள், அதையும் உடைக்க மாட்டார். இரண்டுக்கும் இடையில் ஒரு பக்கெட் சோயா மீற்றை வைத்து ஒரு சமையலைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த வீட்டுக்காரர்கள் இன்றைக்கு உங்கள் மேசைக்கு வந்தால் இது மச்பூஸ் இல்லை என்பார்கள். இது எங்கே இருந்து வந்தது என்று கேட்டால் உப்புவெளி என்று சொல்லலாம், பொய்யில்லை.

கடைசி வரிக்கு வருகிறேன். கடிதம் முழுவதும் அதற்காகத்தான் எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். உங்களுக்கு நாலு வயதில் தொடங்கிப் பதினேழு வயது வரை அந்தக் கை வேறு பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறியது. அதற்கு நான் மருந்து எதுவும் வைத்திருக்கவில்லை. மேலே நான் சொன்னது எல்லாம் சரியாகவே இருந்தாலும் அந்தச் சோறு உங்கள் தொண்டையில் இறங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் அப்பா கடைசி வரை சாம்பாரைத் தொடவில்லை, அம்மாவும் அதற்காகக் கோபிக்கவில்லை. அவருக்குத் தனிச் சட்டி வைத்தார். நீங்களும் வெள்ளிக்கிழமை உங்களுக்கென்று ஒரு பிடி பச்சையரிசிச் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வையுங்கள். ஒரே மேசையில் இரண்டு சட்டி இருந்தால் வீடு இடிந்துவிடாது.

ஏன் சமைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டுக் கெட்டவன். எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அதை எனக்காகவே கேட்கலாம், ஏனென்றால் உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. மச்பூஸின் உயிர் இறைச்சி அவிந்த சாற்றில் இருக்கிறது. ஏலம், கறுவா, கராம்பு போட்டு இறைச்சியை அவித்து, அந்தச் சாற்றிலேயே அரிசியை வேகவைப்பார்கள். சோயா மீற்றில் அப்படி ஒரு சாறு இறங்காது. நாம் அதை அவித்த தண்ணீரைப் பிழிந்து வெளியேதான் ஊற்றுகிறோம். அப்படியானால் உங்கள் அம்மா அரிசியை எதில் வேகவைக்கிறார்? வெங்காயத்தைக் கருக வதக்கி அதிலிருந்து சாறு எடுக்கிறாரா? லூமியை முன்னாலேயே போட்டுக் கொதிக்கவிடுகிறாரா? மேலே தூவுகிற கடலைப்பருப்பும் உலர்ந்த திராட்சையும் உண்டா? பக்கத்தில் தக்காளியும் உள்ளியும் அரைத்த தகூஸ் வைக்கிறாரா, இல்லை அந்த இடத்தை நம் சம்பல் பிடித்துவிட்டதா?

தேசிக்காய் அவிக்கிற தண்ணீருக்கு எவ்வளவு உப்பு என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதுங்கள். எங்கள் வீட்டில் கிணறு தூர்ந்துவிட்டது. ஆனால் தண்ணீர்த் தாங்கியின் மூடியில் காலையிலிருந்து வெயில் விழுகிறது, கச்சான் காற்றும் தொடங்கிவிட்டது.

அன்புடன்,
அண்ணன்.