பூ ராட்லி நிரபராதியா? கேள்வி பதில்

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) நாவலில், வீட்டை விட்டு வெளியே வராத பூ ராட்லியைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன். கதை நடப்பது 1930களில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேகோம்ப் என்ற கற்பனை ஊரில். கதைசொல்லி ஸ்கவுட் என்ற சிறுமி. ஜெம் அவளுடைய அண்ணன், வக்கீல் ஆட்டிகஸ் அப்பா. முடிவு வரைக்கும் பேசப்போகிறேன், படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அக்கா, பெற்ற அப்பாவின் காலிலேயே கத்தரிக்கோலைக் குத்தியவன் எப்படி நிரபராதி?

குத்தினான் என்று சொன்னது யார்? ஸ்டெஃபனி கிராஃபோர்ட், அந்தத் தெருவிலேயே பெரிய வம்புக்காரி. அவர் ஜெம்முக்குச் சொல்ல, ஜெம் ஸ்கவுட்டுக்குச் சொல்ல, ஸ்கவுட் நமக்குச் சொல்கிறாள். சரி, நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அவனுக்கு 33 வயது, அதற்கு முன் 15 வருடம் அவன் தலையை வெளியே யாரும் பார்த்ததில்லை. பதின்வயதில் சேக்காளிகளோடு ஓர் ஓட்டை காரை எடுத்துக்கொண்டு ஊர்ச் சதுக்கத்தைப் பின்பக்கமாகவே சுற்றியதும், பிடிக்க வந்த கிழட்டுக் காவலரைக் கோர்ட் கழிப்பறையில் வைத்துப் பூட்டியதும்தான் அவன் செய்த குற்றம். கூட இருந்த பையன்களை அரசுத் தொழிற்பள்ளிக்கு அனுப்பினார்கள், அங்கே நல்ல படிப்பு, ஒருவன் பொறியியல் வரைக்கும் போய்விட்டான். பூவின் அப்பா மட்டும் "என் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நீதிபதியிடம் கேட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார். பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

கேள்வி: ஊரே பயந்ததே, சும்மாவா பயப்படுவார்கள்?

சும்மாதான். ஊரில் கோழிகளும் வளர்ப்புப் பிராணிகளும் சிதைந்து கிடந்தன, செய்தவன் ஆடி என்ற வேறொருவன் என்பதும் தெரிந்துவிட்டது, அவன் தண்ணீரில் மூழ்கிச் செத்தும் போனான். அதற்கப்புறமும் ஜனங்கள் ராட்லி வீட்டைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்களாம். ஆதாரம் வந்தபிறகும் சந்தேகத்தை விட மனசு வராத ஊர் அது.

கேள்வி: அவன் மனவளர்ச்சி குன்றியவன், அதனால்தான் களங்கமில்லாதவன் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரியா சார்?

சார் இல்லை, பரவாயில்லை. நாவலில் அப்படி எந்த நோயும் சொல்லப்படவில்லை. எனக்கு இந்த வாசிப்பே பிடிக்காது, ஏனென்றால் 'விவரம் தெரியாதவன், பாவம்' என்று சொன்ன மறுநிமிடம் அவன் செய்த நல்லதெல்லாம் தற்செயல் ஆகிவிடுகிறது. மரப்பொந்தில் அவன் வைத்ததைப் பாருங்கள்: சூயிங்கம், பழைய காசுகள், சோப்பில் செதுக்கிய இரண்டு பொம்மைகள், ஒன்று ஜெம் சாயல், ஒன்று ஸ்கவுட் சாயல். ஜன்னலுக்குப் பின்னால் இருந்து அந்தக் குழந்தைகளை எவ்வளவு நாள் கவனித்திருந்தால் அந்தச் சாயல் கையில் வந்திருக்கும்! இத்தனைக்கும் அதே குழந்தைகள் அவனைக் கேலி செய்து தெருவில் நாடகம் போட்டவர்கள். ஜெம்மின் கால்சட்டை அவன் வீட்டு வேலியில் சிக்கிக் கிழிந்தபோது, கோணல்மாணலாகத் தைத்து, மடித்து வேலிமேல் வைத்திருந்தான், ஜெம் அதைத் தேடி வருவான் என்று முன்கூட்டியே யோசித்து. பக்கத்து வீடு தீப்பிடித்த இரவில் குளிரில் நின்ற ஸ்கவுட்டின் தோளில் அவளுக்கே தெரியாமல் போர்வை போர்த்தினான். இதெல்லாம் ஒன்றும் தெரியாதவன் செய்கிற காரியமா? அண்ணன் நேதன் அந்தப் பொந்தைச் சிமெண்ட் வைத்து அடைத்தான், மரத்துக்கு நோய் என்று ஒரு பொய்யும் சொன்னான். மரம் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆட்டிகஸ் சொல்லக் கேட்டபிறகுதான் ஜெம் தனியாக நின்று அழுகிறான். இந்த நாவலில் கொடுமை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சிமெண்ட்தான்.

கேள்வி: ஆனாலும் பாப் யூவலைக் கத்தியால் குத்திக் கொன்றது அவன்தானே? ஷெரிஃப் அதை மறைத்தது தப்பில்லையா?

கொன்றது அவன்தான், இதில் மழுப்ப வேண்டியதில்லை. இருட்டில் ஜெம்மையும் ஸ்கவுட்டையும் கொல்ல வந்த யூவலைத் தடுக்கும்போது நடந்தது, எந்த நீதிமன்றமும் விட்டிருக்கும். யூவல் தன் கத்திமேல் தானே விழுந்தான் என்று ஷெரிஃப் ஹெக் டேட் பிடிவாதமாகச் சொல்வது தண்டனைக்குப் பயந்து அல்ல, பாராட்டுக்குப் பயந்து. ஊர்ப் பெண்கள் கேக்கும் கையுமாக அந்தக் கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள், கூச்ச சுபாவமுள்ள மனிதனை வெளிச்சத்துக்கு இழுப்பது பாவம் என்பது அவர் வாதம். எனக்கு அவர் பக்கம்தான் சாய்வு.

கேள்வி (அதே நண்பர்): அப்படியென்றால் ஆட்டிகஸ் வாதாடிய கறுப்பர் டாம் ராபின்சனுக்கு அந்தக் கருணை ஏன் இல்லை?

இதைத்தான் எதிர்பார்த்தேன். இடது கை விளங்காத டாமை, யூவலின் மகளைக் கெடுத்தான் என்று, செய்யாத குற்றத்துக்குத் தண்டித்தார்கள், சிறையிலிருந்து தப்ப ஓடியபோது உடம்பில் 17 குண்டு. பூவுக்கு? கத்தரிக்கோல் சம்பவத்தின்போது இருந்த ஷெரிஃப், கறுப்பர்களோடு ஒரே சிறையில் அடைக்க மனசு வராமல் அவனைக் கோர்ட் நிலவறையில் வைத்தாராம். போகிறபோக்கில் வரும் ஒரே வாக்கியம், பலர் தாண்டிப் போய்விடுவார்கள். இரண்டு பேரும் குற்றமற்றவர்கள்தான், ஆனால் ஒருவனுக்காகச் சட்டம் வளைந்து கொடுத்தது, இன்னொருவன் வளையச் சொல்லிக் கேட்கவே இல்லை, இருக்கிற சட்டத்தையாவது ஒழுங்காகப் பாருங்கள் என்றான், அதுவும் கிடைக்கவில்லை. பூவை நினைத்துக் கண்கலங்குகிறவர்கள் அந்த நிலவறை வாக்கியத்தையும் ஒருதரம் திரும்பப் படிக்கலாம்.

கேள்வி: படத்தில் பூவாக நடித்தவர் யார்?

ராபர்ட் டுவால், 1962. அவருடைய முதல் படம், ஒரு வசனம்கூடக் கிடையாது. நாவலிலாவது "என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகிறாயா?" என்று ஸ்கவுட்டிடம் ஒரே ஒரு வரி பேசுவான்.