ஆறு வருடம் நின்ற மொறிஸ் மைனர்: உலுப்புவது ஒரு சிலிண்டரா, நாலுமா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: பெரியப்பா கனடா போனபிறகு அவருடைய மொறிஸ் மைனர் 1000 ஆறு வருடமாகக் கொட்டிலுக்குள் நின்றது. புது பற்றறி, புது பிளக் நாலும் போட்டு, பழைய பெற்றோலின் மேலேயே ஐந்து லீற்றர் விட்டு ஸ்ரார்ட் பண்ணினோம். எஞ்சின் ஓடுகிறது, ஆனால் கார் முழுக்க உலுப்புகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால், காற்றையும் பெற்றோலையும் கலக்கிற காபரேட்டருக்குள் பட்பட்டென்று வெடித்து நின்றுவிடுகிறது. கராஜில் காட்டினால் எஞ்சினை இறக்கி போர் அடிக்க (சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்க) வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

இப்போதைக்கு எஞ்சினில் கை வைக்க விடாதீர்கள். கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம்) பார்க்காமல் போர் அடிக்கச் சொல்வது வைத்தியம் இல்லை, ஊகம். ஆறு வருடத்துக்கு முன் ஒழுங்காக ஓடிய எஞ்சினின் சிலிண்டர் சும்மா நின்று தேயாது. நிற்பதால் நடப்பது வேறு: பெற்றோல் பிசினாகும், செம்பில் பச்சை பூக்கும், வால்வு ஒட்டும், ரப்பர் விறைக்கும். அநேகமாக எல்லாமே எஞ்சினை இறக்காமல் சரிசெய்யக்கூடியவை.

முதலில் பற்றறியைப் பாருங்கள். மொறிஸ் மைனர் கம்பனியிலிருந்து வந்தபோது பற்றறியின் பொசிற்றிவ் பக்கம்தான் பொடியில், அதாவது காரின் இரும்பு உடலில், பூட்டியிருக்கும். இன்றைய வாகனங்களோடு பழகிய ஒருவர் புது பற்றறி போட்டால், கை தன்னாலே நெகற்றிவ்வைப் பொடிக்குக் கொடுத்துவிடும். அப்படிக் கொடுத்தாலும் எஞ்சின் ஓடும், அதுதான் வில்லங்கம். பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற கொயில் தலைகீழாக வேலை செய்து பிளக்கில் பொறி பலவீனமாகும், டைனமோவும் குழம்பும். முந்தியே யாராவது காரை நெகற்றிவ் எர்த்துக்கு (நெகற்றிவ்வைப் பொடியில் பூட்டும் முறைக்கு) மாற்றியிருந்தார்களா என்று பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள். 1990களில் வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. காபரேட்டரில் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். உங்கள் கார் அந்தக் காலத்தைக் கண்டதென்றால் காபரேட்டரை அதற்கேற்றபடி திருகியிருக்கலாம்.

அடுத்தது தலைப்பில் உள்ள கேள்வி. நாலு சிலிண்டரும் சேர்ந்து தடுமாறுகிறதா, ஒன்றிரண்டு மட்டும் செத்துக் கிடக்கிறதா? இதைத் தெரியாமல் எந்தத் திருகாணியையும் தொடக்கூடாது. எஞ்சினை நிறுத்துங்கள். முதலாவது பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் நுனி எஞ்சின் இரும்பில் தொடும்படி வைத்து ஸ்ரார்ட் பண்ணுங்கள். ஓட்டம் இன்னும் மோசமானால் அந்தச் சிலிண்டர் நன்றாகத்தான் உழைத்துக்கொண்டிருந்தது. வித்தியாசமே தெரியாவிட்டால் அதுதான் சும்மா இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்திவிட்டே வயரை மாற்றி, நாலையும் இப்படிப் பாருங்கள். பக்கத்தில் திறந்த பெற்றோல் எதுவும் இருக்கக்கூடாது.

ஒரு சிலிண்டர் மட்டும் என்றால், அதன் பிளக்கைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். நோயும் கூடப் போனால் பிளக்தான், புதிது என்று நம்பவேண்டாம். போகாவிட்டால் வயரையும், நாலு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டரின் கப்பையும் (மூடி) பாருங்கள். எலி கடித்த வயர் நம் பக்கத்தில் புதினமில்லை. அவையும் சரியென்றால் ஒட்டிய வால்வுதான் மிஞ்சும். எஞ்சினின் மேல் மூடியான ரொக்கர் கவரைத் திறந்து எஞ்சினை மெதுவாகச் சுற்றும்போது எட்டு வால்வில் ஒன்று மேலே வராமல் நிற்கும். துரு இளக்கும் எண்ணெயை அதன் தண்டில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு மரத்துண்டு வைத்து மெல்லத் தட்டினால் பெரும்பாலும் விடும். அந்த வால்வை இயக்குகிற தள்ளுகோல் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, 0.012 அங்குலம்.

இரண்டு சிலிண்டர் சேர்ந்து செத்திருந்தால் எந்த இரண்டு என்பது முக்கியம். இந்த எஞ்சினில் 1, 2 இரண்டுக்கும் காற்றும் பெற்றோலும் ஒரே வாசலால் போகும். 3, 4 இரண்டுக்கும் இன்னொரு வாசல். ஆகவே 1உம் 2உம், அல்லது 3உம் 4உம் சேர்ந்து படுத்தால் மனிபோல்ட் (காபரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய்) பூட்டும் இடத்துக் காஸ்கட்டால் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது அந்த மூட்டில் விசிறும் போத்தலால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். சிலர் இதற்குப் பெற்றோல் அடிப்பார்கள். சூடான சைலன்சர் குழாயும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது, செய்யவே வேண்டாம். 2உம் 3உம் சேர்ந்து படுத்தால் சிலிண்டர்களுக்கு மேலேயுள்ள ஹெட் காஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் பிளக் மாற்றியபோது வயர்கள் இடம் மாறிப் பூட்டுப்பட்டதா என்று பாருங்கள். பொறி போகும் ஒழுங்கு 1-3-4-2, டிஸ்ரிபியூட்டருக்குள் ரோட்டர் சுற்றுவது இடஞ்சுழியாக.

நீங்கள் சொன்ன அறிகுறியைப் பார்த்தால் எனக்கு நாலும் சேர்ந்த வருத்தமாகத்தான் படுகிறது. மிதித்தவுடன் காபரேட்டருக்குள் வெடிப்பது காற்றுக்கு ஏற்ற பெற்றோல் போகவில்லை என்பதற்கான வழக்கமான அடையாளம். இந்தக் காரில் உள்ள எஸ்.யூ. காபரேட்டரின் மேலே திருகு மூடி ஒன்று இருக்கும். அதைத் திருகி எடுத்தால் உள்ளே எண்ணெய் தெரிய வேண்டும். காய்ந்துபோயிருந்தால் காபரேட்டருக்குள் இருக்கிற பிஸ்டன் தடையில்லாமல் எகிறி, காற்று மட்டும் கூடுதலாகப் போகும். 20ஆம் இலக்க மெல்லிய எண்ணெய் கொஞ்சம் விடுங்கள். எயர் ஃபில்ட்டரைக் கழற்றி பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். டக் என்று கீழே விழ வேண்டும். இறுகினால் கழற்றிச் சுத்தமான பெற்றோலில் கழுவுங்கள், எமரிப் பேப்பர் கிட்டவும் போகக்கூடாது. ஃபில்ட்டருக்குள் அணில் கூடு இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சோக்கை உள்ளே தள்ளியும் கீழேயுள்ள ஜெட் (பெற்றோல் வரும் துளைக்குழாய்) மேலே ஏறாமல் நின்றால் எதிர்ப்பக்க வருத்தம், பெற்றோல் கூடிப்போகும்: கறுப்புப் புகை, கறுத்த பிளக்.

பழைய பெற்றோலின் மேல் புதியதை விட்டது நல்ல வேலையில்லை. இலேசான பகுதி ஆவியாகிப்போய் மிஞ்சியது அடியிலுள்ள பிசினும் துருவும்தான். பெற்றோல் தாங்கியை முழுதாக வடித்துக் கழுவுங்கள். வடித்தது போதுமா என்று அறிய, பம்புக்கு வரும் குழாயைக் கழற்றிப் புதுப் பெற்றோல் உள்ள சிறிய கானுக்குள் விட்டு ஓட்டிப் பாருங்கள். வெளியில், காற்றோட்டமான இடத்தில், மணல் வாளி பக்கத்தில் இருக்கட்டும். கானோடு நன்றாக ஓடினால் வில்லங்கம் தாங்கியிலும் குழாயிலும்தான். பத்து நிமிடம் ஓடி நிற்கிற கார் என்றால் தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் மூடியின் துளையை குளவி மண்ணால் அடைத்திருக்கும்.

பெற்றோல் பம்பு, சாவி போட்டதும், கொஞ்சம் டிக் டிக் என்று அடித்துவிட்டு நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் பெற்றோல் வராமல் காற்று இழுக்கிறது. அடிக்கவே இல்லையென்றால் அதன் பொயின்ற் (மின்சாரத்தைத் தொட்டு விடும் முனை) ஒட்டியிருக்கும், ஸ்க்ரூ டிரைவர் பிடியால் ஒரு தட்டு.

டிஸ்ரிபியூட்டர் பொயின்றிலும் மாரி ஈரத்தில் மெல்லிய படலம் படியும். சுத்தம் பண்ணி இடைவெளியை 0.015 அங்குலத்தில், அதாவது 0.38 மில்லிமீற்றரில் வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் உலுப்பினால்தான் கொம்பிரஷன் மீற்றர். எண் எவ்வளவு என்பதைவிட, நாலும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட இருப்பதே முக்கியம். ஒன்று குறைந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். எண் ஏறினால் வருத்தம் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கில், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் காஸ்கட். ரிங் என்றாலும் உடனே இறக்க வேண்டாம். நின்று ஒட்டிய ரிங் சில தடவை சூடாக ஓடியபின் தானாக விட்டுக்கொடுப்பதும் உண்டு. எஞ்சின் ஒயிலில் பெற்றோல் மணந்தால் மட்டும் ஓட்டாமல் முதலில் ஒயிலை மாற்றுங்கள்.

பிறேக் சிலிண்டர்களும் ஆறு வருடம் நின்றவைதான். அவற்றைக் கழற்றிப் பார்க்கும்வரை வளவுக்குள் மட்டும் ஓட்டுங்கள், முல்லைத்தீவு வீதிக்கு ஏற்ற வேண்டாம்.