எடை மேடையில் எக்ஸ்பி, ஆபீஸில் விண்டோஸ் 11: எஸ்எம்பி-1க்கு டிக் போடலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் வேபிரிட்ஜ் நடத்துகிறோம். எடை போடும் அறையில் இருப்பது பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர். அதிலுள்ள எடைச் சீட்டு ஃபோல்டரை ஷேர் செய்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து பில் போடுவோம். ஆபீஸுக்குப் புதிதாக விண்டோஸ் 11 ப்ரோ வாங்கியதும் அந்த ஃபோல்டர் திறக்கவில்லை. பாதுகாப்பில்லாத எஸ்எம்பி-1 தேவைப்படுகிறது என்று செய்தி வந்தது. சர்வீஸ் தம்பி எங்கோ ஒரு டிக் போட்டு, இன்னும் இரண்டு செட்டிங்கை மாற்றி ஓட வைத்துவிட்டார். அப்படியே விடலாமா? மாங்காய் சீசனில் சிஸ்டம் நின்றால் லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கும்.

பதில்: அப்படியே விட வேண்டாம். ஆனால் சீசன் நடுவில் எல்லாவற்றையும் பிரித்துப் போடவும் வேண்டாம். இந்த சீசனை ஆபத்தில்லாமல் ஓட்ட ஒரு வழி இருக்கிறது. அப்புறம் நிதானமாக அந்த எக்ஸ்பிக்கு விடை கொடுத்துவிடலாம்.

முதலில் அந்த டிக் என்னவென்று பார்ப்போம். ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை இன்னொன்று திறக்க, இரண்டும் பேசிக்கொள்ளும் மொழிதான் எஸ்எம்பி. அதன் முதல் பதிப்பு 1980களில் பிறந்தது. எக்ஸ்பிக்கு அது ஒன்றுதான் தெரியும். விஸ்டாவில் இரண்டாம் பதிப்பும் விண்டோஸ் 8-இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. முதல் பதிப்பில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சில் பேட்ச் வெளியிட்டது. அதைப் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்களில்தான் மே 12-ஆம் தேதி, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் புகுந்து, 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. யாரும் மெயிலைத் திறக்கவில்லை, எதையும் கிளிக் செய்யவில்லை. ஒரே நெட்வொர்க்கில் இருந்ததே போதும், எஸ்எம்பியின் வாசலான 445-ஆம் போர்ட் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி-1 படிப்படியாக நீக்கப்பட்டது.

இப்போது உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் பேனல், ப்ரோகிராம்ஸ், 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்று போய்ப் பாருங்கள். எஸ்எம்பி 1.0 வரிக்குப் பக்கத்தில் உள்ள பிளஸ்ஸை அழுத்தினால் மூன்று கட்டங்கள் விரியும்: ஆட்டோமேட்டிக் ரிமூவல், கிளையன்ட், சர்வர். பெரும்பாலும் தலைப்பில் டிக் போட்டிருப்பார்கள், மூன்றும் சேர்ந்து விழுந்திருக்கும். நீங்கள் எக்ஸ்பியின் ஃபோல்டரைத் திறக்கிறீர்கள், அவ்வளவுதான். அதற்கு கிளையன்ட் மட்டும் போதும். சர்வர் டிக்கை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வான்னாக்ரை புகுந்தது அந்தப் பக்கமாகத்தான். ஆட்டோமேட்டிக் ரிமூவல் இருக்கிறதே, தானாகப் போய்விடும் என்று நம்பியிருக்காதீர்கள். கையால் திரும்பப் போட்டதை விண்டோஸ் மறுபடி எடுக்காது.

தம்பி மாற்றிய மற்ற இரண்டு செட்டிங், நான் நினைப்பது சரியென்றால், கையொப்பச் சோதனையும் (வரும் தகவலை வழியில் யாரும் மாற்றவில்லை என்று பார்ப்பது) கெஸ்ட் தடையும் (பாஸ்வேர்டு இல்லாத ஷேரைத் திறக்க விடாதது). விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ப்ரோவில் இரண்டையும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரு பழைய பெட்டிக்காக மூன்று பூட்டைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அவர்மீது குறை சொல்ல மாட்டேன், லாரி நிற்கும்போது யாரும் அதைத்தான் செய்வார்கள்.

எனக்கு அதைவிடக் கவலை உங்கள் வைஃபைதான். சீசனில் டிரைவர்கள், தரகர்கள், மண்டிக்காரர்கள் எல்லோருக்கும் பாஸ்வேர்டு சொல்லியிருப்பீர்கள். அவர்களில் ஒருவர் லேப்டாப்பில் இப்படித் தானே தாவும் வைரஸ் இருந்தால், எக்ஸ்பிக்கு அது கைக்கெட்டும் தூரம். ஆகவே எக்ஸ்பியின் கேபிளை ரவுட்டரிலிருந்து கழற்றுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டரைச் செருகி, அதிலிருந்து எக்ஸ்பிக்கு நேராக ஒரே கேபிள் இழுங்கள். ஐபி எண்ணைக் கையால் கொடுங்கள்: ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதற்கு 192.168.50.2. சப்நெட் மாஸ்க் இரண்டுக்கும் 255.255.255.0. எக்ஸ்பியில் கேட்வே கட்டம் காலியாகவே இருக்கட்டும். இதன்பிறகு அந்தப் பெட்டிக்கு இன்டர்நெட்டும் தெரியாது, வைஃபையும் தெரியாது. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014-இலேயே முடிந்திருந்தும் வான்னாக்ரை வந்த 2017 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அதற்கு ஒரு அவசர பேட்ச் கொடுத்தது, எண் கேபி4012598. போட்டிருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபைல்களை தினமும் ஒரு பென் டிரைவில் எடுத்து, எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே இருக்கும் பென் டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும் இந்த வைரஸ்கள்.

சீசன் முடிந்ததும் வேலை, எக்ஸ்பிக்குப் பதிலாகப் புதிய கம்ப்யூட்டரில் எடையை வாங்குவதுதான். எடையைக் காட்டும் பெட்டியான இண்டிகேட்டரின் பின்னாலிருந்து ஒன்பது பின் கேபிள் ஒன்று எக்ஸ்பிக்குப் போகும். புதிய கம்ப்யூட்டரில் அதைச் செருகும் இடம் இருக்காது, யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் வேண்டும். செருகியதும் விண்டோஸ் அதற்கு காம்3, காம்4 என்று ஏதாவது எண் கொடுக்கும். உங்கள் பழைய சாஃப்ட்வேரோ காம்1-ஐத் தேடிக்கொண்டிருக்கும். எடை வரவில்லை என்று இங்கேதான் பலர் கைவிட்டு எக்ஸ்பிக்கே திரும்புகிறார்கள். டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ், அதில் அந்த கன்வெர்ட்டரின் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் எண்ணை காம்1 என்று மாற்றிவிடலாம். பாட் ரேட், பாரிட்டி முதலிய கேபிள் தொடர்பு செட்டிங்குகளை எக்ஸ்பியில் பார்த்துத் தாளில் எழுதி வைத்து, அப்படியே இங்கே கொடுங்கள். இண்டிகேட்டரில் முத்திரை ஆய்வாளர் போட்ட சீலை யாரும் தொடக் கூடாது. கேபிளை மாற்ற சீலைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

சாஃப்ட்வேர் 32-பிட் என்றால் விண்டோஸ் 11-இல் ஓட நல்ல வாய்ப்பு உண்டு. டாஸ் காலத்து 16-பிட் என்றால் ஓடாது, விற்றவரிடம் புதிய பதிப்பு கேட்டே ஆக வேண்டும். கேட்கும்போது, அதில் விபிஸ்கிரிப்ட் (மைக்ரோசாஃப்ட்டின் பழைய ஸ்கிரிப்ட் மொழி) ஏதும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதற்கும் 2023 அக்டோபரில் ஓய்வு அறிவித்துவிட்டார்கள். இப்போதைக்கு ஓடும், பின்னால் வரும் ஒரு அப்டேட்டில் இருக்காது. இப்படி அறிவித்துவிட்டு எடுப்பதற்குள் கிடைக்கும் காலம்தான் நம்மைப் போன்றவர்களுக்கு மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம். எஸ்எம்பி-1 விஷயத்தில் அது உங்களுக்குத் தெரியாமலே கடந்துபோய்விட்டது.

ஒரு வாரம் இரண்டு கம்ப்யூட்டரையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். எடை சரியாக வந்தால் கிளையன்ட் டிக்கையும் எடுத்து, தம்பி மாற்றிய இரண்டு செட்டிங்கையும் பழையபடி வைக்கச் சொல்லி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எக்ஸ்பி பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடும் முன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி பீரோவில் வையுங்கள். பழைய எடைச் சீட்டுகளை ஆடிட்டர் எப்போது கேட்பார் என்று சொல்ல முடியாது.